உலுக்க உலுக்க நின்ற அணு

நாகப்பட்டினத்தில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில், உத்தரத்திலிருந்து நான்கு பித்தளைச் சங்கிலிகளில் தொங்கிய தேக்குப் பலகை ஊஞ்சல் ஒன்று இருந்தது. அதில் அமர்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "காலம் பார்த்துத் தள்ளுடா, கண்ணை மூடிக்கொண்டு தள்ளாதே" என்று பாட்டி சொல்லிக்கொண்டிருப்பார். காலம் பார்த்துத் தள்ளினால் ஊஞ்சல் உயரும், காலம் தப்பித் தள்ளினால் தடுமாறும், எப்படித் தள்ளினாலும் சும்மா இராது என்பதே பௌதிக சாஸ்திரத்தில் எனக்குக் கிடைத்த முதற்பாடம். 32 ஆண்டுகள் கல்லூரியில் அந்தச் சாஸ்திரத்தைப் போதித்து ஓய்வுபெற்ற பிறகு, அப்பாடத்துக்கு நேர்மாறானதொரு விஷயத்தைப் படித்தேன்: குளிரின் கடைசி எல்லையை ஒட்டி வைக்கப்பட்ட அணுக்களை, ஒழுங்கான தாளத்தில், கணக்கிட்ட வலிமையோடு உலுக்கினால், அவை சிதறி ஓடுவதற்குப் பதிலாக இருந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன, உலுக்குவதை நிறுத்தினால்தான் ஓடத் தொடங்குகின்றன. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தம்பியின் மகன் பீசா நகரில் கணிதம் பயின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்து வருவதாக வீட்டில் சொல்லிப் புறப்பட்டேனாயினும், என் உள்ளத்தில் இருந்த யாத்திரை வேறு. இந்த விஷயத்தின் வித்து விழுந்த ஊரும், அது கண்ணெதிரே நிரூபணமான ஊரும், அதற்கு உறவான மற்றொரு சோதனை நடந்த ஊரும் இத்தாலியிலேயே, ஒரு பகல் ரயில் பிரயாணத்துக்குள் அடங்கும் தூரத்தில் இருக்கின்றன.

கோமோ

மிலான் நகரத்துக்கு வடக்கே, லாம்பார்டிச் சமவெளி முடிந்து ஆல்ப்ஸ் மலையடிவாரம் எழும்பும் இடத்தில், கவைக்கோலைத் தலைகீழாகக் கிடத்தினாற்போல இரண்டு கால்களை விரித்துக்கொண்டு கிடக்கிறது கோமோ ஏரி. அதன் மேலைக் காலின் நுனியில் அதே பெயருடைய பட்டணம். கடலோரத்தில் பிறந்து, நீர் என்றால் அலையும் இரைச்சலும் உப்புக் காற்றும் என்றே பழகிப்போன எனக்கு, 400 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள அந்த நீர்ப்பரப்பு விடியற்காலையில் ஒரு சிறு நெளிவும் இன்றி, எதிர்க்கரையின் மணிக்கூண்டையும் மலைச்சரிவையும் கவிழ்த்துக் காட்டிக்கொண்டு கிடந்தது முதலில் ஒருவித அச்சத்தையே தந்தது.

நான் தங்கியிருந்த வீட்டு மூதாட்டி, இளமையில் பட்டுத்துணியில் வர்ணம் அச்சிடும் ஆலையில் வேலை பார்த்தவர். கோமோவின் பட்டு உலகப் பிரசித்தம். ஆயினும் நூல் இப்போது சீனத்திலிருந்து வருகிறது, அச்சும் வர்ணமும் நேர்த்தியுமே ஊராருடையவை. ஒரு கழுத்துக்குட்டையை எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு தனிச் சட்டம் என்றும், ஒரு சட்டம் மயிரிழை பிசகினாலும் பூவின் விளிம்பில் வெள்ளை தெரியும் என்றும் விரலால் தொட்டுக் காட்டினார். என் மனைவி கொடுத்தனுப்பியிருந்த காஞ்சிபுரத்துப் பட்டுத் துண்டை நான் நீட்டியதும் அவர் முதலில் செய்த காரியம், அதைப் புரட்டிப் பின்புறத்தைப் பார்த்ததுதான். தொழில் தெரிந்தவர்கள் எந்தத் தேசத்திலும் பின்புறத்தைத்தான் பார்க்கிறார்கள்.

அன்று மதியம் அவர் எனக்கு இட்ட உணவு, நான் ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தேனா, அடுத்த தெருவுக்குப் போனேனா என்று ஐயுறச் செய்தது. ஏரியில் பிடிபடும் சிறு மீனை உப்பிட்டு வெயிலில் காயவைத்து, தகர டப்பாவில் பிரிஞ்சி இலைகளோடு அடுக்கி அழுத்தி மாதக்கணக்கில் வைத்திருந்து, எடுத்துச் சுட்டு, எண்ணெயும் காடியும் விட்டுத் தருகிறார்கள். மிசோல்தினி என்று பெயர். கருவாடு என்று நான் சொன்னபோது அந்தச் சொல்லை அவர் இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அதற்குத் துணையாகப் பொலென்தா என்னும் மக்காச்சோளக் களி. செப்புப் பானையில் கொதிக்கும் நீரில் மாவைத் தூவி, துடுப்பை நட்டு நிறுத்திக் கிண்டத் தொடங்கியவர், முக்கால் மணி நேரம் கையை எடுக்கவில்லை. கிண்டாமல் விட்டால் அடிப்பிடிக்கும், கிண்டக் கிண்டத்தான் இறுகும் என்றார். எங்கள் ஊரில் கேழ்வரகுக் களிக்கும் அதுவே இலக்கணம். எந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நான் அங்கே வந்தேனோ, அதன் நிழல் அந்தப் பானைக்குள் ஆடுவதுபோல் எனக்குத் தோன்றியது.

ஏரிக்கரையில் பூங்காவின் நடுவே, தூண்களும் கவிகையுமாக, ஒரு கோயிலைப் போலவே கட்டிவைத்திருக்கிறார்கள், வோல்டாவின் நினைவாலயத்தை. 1745-இல் இவ்வூரில் பிறந்த அலெஸ்ஸாந்த்ரோ வோல்டா, இருவகை உலோகத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, நடுநடுவே உப்புநீரில் நனைத்த துணியை வைத்து, நிற்காமல் ஓடும் மின்சாரத்தை முதன்முதலாக உலகுக்குக் கொடுத்தவர். அவர் கையாண்ட மூலக் கருவிகளிற் பல 1899-இல் ஒரு கண்காட்சியின்போது மூண்ட தீயில் அழிந்துபோயின என்று அறிந்தபோது, அறியாத ஊரின் துக்கம் எனக்கும் உரியதாயிற்று. அவர் மறைந்து நூறாண்டு ஆனதைக் கொண்டாட 1927 செப்டம்பரில் இவ்வூரில் கூடிய மாநாட்டில்தான் நீல்ஸ் போர், அலை என்றும் துகள் என்றும் முரண்போலத் தோன்றும் இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் தோற்றங்களே என்னும் கொள்கையை முதன்முதலாக எடுத்துரைத்தார். இளைஞரான என்ரிகோ பெர்மி அவையில் இருந்தார், ஐன்ஸ்டைன் வரவில்லை.

என் நாட்டமோ அதற்கு ஏறக்குறைய ஐம்பதாண்டு பின்னே, 1977 ஜூனில், வோல்டாவின் பெயராலேயே இங்கே கூடிய இன்னொரு மாநாட்டின்மேல் இருந்தது. ஜூலியோ கசாட்டி, சோவியத் நாட்டினரான சிரிகோவ், இஸ்ரைலெவ், அமெரிக்கரான ஜோசப் போர்டு ஆகிய நால்வர் செய்த கணக்கு அம்மாநாட்டின் தொகுப்பில் வெளிவந்தது. அக்கணக்கில் இருந்தது என் பாட்டியின் ஊஞ்சல்தான். சுழலும் ஊசல் ஒன்றைச் சீரான இடைவெளியில் பலமாகத் தட்டிக்கொண்டே இருக்கிறோம். தட்டு பலமாக இருப்பதால், அடுத்த தட்டு விழும் வேளையில் ஊசல் எந்தக் கோணத்தில் இருக்கும் என்பது குருட்டாம்போக்காகிவிடுகிறது. காலம் பார்த்துத் தள்ளினாலும் கண்ணை மூடித் தள்ளியதற்கே சமானமாகிறது. ஒரு தட்டு சக்தியைக் கூட்டும், மறு தட்டு குறைக்கும். எனினும் கள்ளுண்டவன் எங்கெங்கோ திரும்பித் திரும்பி நடந்தாலும் புறப்பட்ட இடத்தைவிட்டு விலகிக்கொண்டே போவதுபோல, மொத்தத்தில் சக்தி ஏறிக்கொண்டே போகும் என்பது நியூட்டன் வழி. குவாண்டம் விதிப்படி கணக்கிட்டபோது, முதற்சில தட்டுகளுக்கு அப்படியே ஏறிய சக்தி, பிறகு ஏறாமல் நின்றுவிட்டது. தட்டு ஓயவில்லை, ஊசல்தான் அதை வாங்க மறுத்துவிட்டது.

ஏன் மறுத்தது என்பதற்கு 1982-இல் பிஷ்மன், கிரெம்பெல், பிராங்கே என்னும் மூவர் விடை கண்டார்கள். அசுத்தம் மிகுந்த திடப்பொருளில் எலெக்ட்ரானின் அலை எண்ணற்ற இடங்களில் பட்டுத் திரும்பி, தன் எதிரொலிகளோடு தானே கலந்து, ஓரிடத்திலேயே சிறைப்பட்டுவிடும் என்று 1958-இல் பிலிப் ஆண்டர்சன் கூறியிருந்தார். தட்டப்படும் ஊசலின் கணிதமும் அதே கணிதம் என்றார்கள் இவர்கள். அங்கே அலை இடத்தில் கட்டுண்டது. இங்கே வேகத்தில் கட்டுண்டது. 1995-இல் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில் மார்க் ரெய்சன் குழுவினர், குளிர்ந்த சோடியம் அணுக்களை ஒளியலையால் தட்டித் தட்டி இதைக் கண்கூடாகக் காட்டினார்கள். நால்வரின் கணக்குக்கும் அந்தச் சோதனைக்கும் இடையில் 18 ஆண்டுகள். இவ்வளவு பொறுமையான துறையில் என் வாழ்நாளைச் செலவிட்டேன் என்பதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

வழியில்

மிலானிலிருந்து தெற்கே இறங்கும் ரயில் பாவியா நகரத்தை நெருங்கும்போது, ஜன்னலுக்கு வெளியே வரப்பு கட்டிய வயல்களில் நீர் நின்றது, நெல்! காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவன் கண்ணுக்கு அதைவிட நெருங்கிய சொந்தம் வேறேது? ஆனால் நாற்று நடும் பெண்களின் வரிசை இல்லை, குலவை இல்லை. வயலின் நடுவே ஆளரவமின்றி நாரைகள் மட்டும் நின்றன.

ஜெனோவாவைக் கடந்ததும் பாதை கடற்கரையோடு ஓடுகிறது. அல்ல, கடற்கரையின் மலைகளுக்குள் ஓடுகிறது. ஒரு சுரங்கம், ஒரு கணம் நீலக்கடல், ஒரு மீன்பிடி கிராமம், மீண்டும் சுரங்கம் என்று மணிக்கணக்காக இருளும் ஒளியும் மாறி மாறி வந்தன. எதிரே அமர்ந்திருந்த கிழவர் ஒருவர், ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஒரு சுளை ஆரஞ்சை எனக்கு நீட்டிக்கொண்டே வந்தார். மலைக்கு இப்பாலிருந்து அப்பால் போக மனிதன் இவ்வளவு குடைய வேண்டியிருக்கிறது. அணுவோ, ஏறிக் கடக்கும் சக்தி தனக்கு இல்லாதபோதும், துளை ஏதும் இல்லாத மேட்டைத் தன் அலைத்தன்மையால் ஊடுருவி அடுத்த பள்ளத்தில் போய் இருக்கிறது. சுரங்க ஊடுருவல் என்று வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அச்சொல்லை உடம்பால் உணர்ந்தது இந்த ரயிலில்தான்.

பீசா

சாய்ந்த கோபுரத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். 1990-இல் மூடி, ஒரு பக்கத்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்து, அரை பாகை அளவு நிமிர்த்தி, 2001-இல் திறந்தார்கள் என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன். நான் நெடுநேரம் நின்றது அதனருகிலுள்ள பேராலயத்தினுள், மிக உயரத்திலிருந்து தொங்கும் வெண்கல விளக்கின் கீழ். இவ்வூரில் 1564-இல் பிறந்த கலீலியோ, வாலிபப் பருவத்தில் இங்கே விளக்கு ஆடியதைத் தம் நாடித்துடிப்பால் அளந்து ஊசலின் இயல்பைக் கண்டார் என்பது கதை. இப்போதுள்ள விளக்கு அதற்குச் சில ஆண்டு பிற்பாடு மாட்டப்பட்டது என்பர் அறிஞர். கதை பொய்யானாலும் சங்கிலி மெய். அந்த நீண்ட சங்கிலியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற என் தம்பி மகன், "பெரியப்பா, விளக்கைக் கழற்றிவிட்டு வெறும் சங்கிலியை மட்டும் ஆடவிட்டால் என்ன வளைவு வரும் தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்றேன், ஆனால் அவன் எதற்காகக் கேட்கிறான் என்பது அப்போது தெரியவில்லை.

அவன் என்னை ஒரு சந்தினுள் அழைத்துச் சென்றான். விறகடுப்பில், மூன்று முழ அகலச் செப்புத் தட்டில், கடலை மாவையும் நீரையும் ஆலிவ் எண்ணெயையும் கரைத்து ஊற்றிச் சுட்டெடுத்து, மேலே மிளகுப்பொடி தூவி, காகிதத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள். செச்சீனா என்று பெயர். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு குழைவாகவும் இருந்த அந்த அடையைத் தின்றுகொண்டே, எண்ணெய் படாத காகித ஓரத்தில் அவன் பென்சிலால் எழுதத் தொடங்கினான்.

எழுதியதன் சாரம் இது. எதிரெதிராக வரும் இரண்டு லேசர் கதிர்கள் கலக்கும்போது, மேடும் பள்ளமுமாக ஓர் ஒளிச் சரம் உண்டாகிறது. முட்டை வைக்கும் அட்டைத் தட்டைப்போல, மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த இடைவெளியில் பள்ளங்கள். அதில் ருபீடியம் அணுக்களை இட்டால், பள்ளத்துக்குப் பள்ளம் ஊடுருவித் தாவி, நாழிகை போகப் போகப் பரவுகின்றன. இப்போது ஒரு கதிரின் அதிர்வெண்ணைச் சற்றே கூட்டியும் குறைத்தும் அந்தத் தட்டையே வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் உலுக்கினால், தாவும் அலையின் கட்டமும் அதனோடு ஆடுகிறது. ஒரு சுற்றில் சிறிது நேரம் கூட்டலாகவும் சிறிது நேரம் கழித்தலாகவும் கணக்கில் சேர்கிறது. உலுக்கும் விசை ஒரு பள்ளத்தின் தூரத்துக்குச் செய்யும் வேலையை, உலுக்கலின் ஒரு குவாண்டம் சக்தியால் வகுத்தால் ஓர் எண் வரும். அந்த எண் 2.4-ஐத் தொடும்போது கூட்டலும் கழித்தலும் சரிக்குச் சரியாகித் தாவல் அடியோடு அற்றுவிடுகிறது. ஒழுங்கான படிகத்தில் மின்னேற்றமுள்ள துகளுக்கு இப்படி நேரும் என்று டன்லாப், கென்க்ரே என்னும் இருவர் 1986-இல் எழுதினார்கள். ஒளித் தட்டில் அணுக்களைக் கொண்டு 2007-இல் துல்லியமாக அளந்து காட்டியது இவ்வூரில், என்னியோ அரிமொந்தோவும் ஆலிவர் மோர்ஷும் அவர்களுடைய தோழர்களும். 2.4-ஐத் தாண்டி இன்னும் பலமாக உலுக்கினால் தாவல் மறுபடி தலைகாட்டுகிறது. ஆனால் குறி மாறி, எதிர்மறையாக, முந்தைய அளவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்படாமல். 2009-இல் அதே குழுவினர், ஒன்றோடொன்று மோதும் அணுக்களின் கூட்டத்தை, உலுக்கலைக் கூட்டியே ஓட்டமுள்ள நிலையிலிருந்து ஓட்டமற்று உறைந்த நிலைக்குக் கொண்டுபோய், குறைத்தே திரும்ப அழைத்து வந்தார்கள். குழாயின் திருகைத் திருப்பி நீரைக் கூட்டிக் குறைப்பதுபோல, தாவல் என்னும் இயற்கைக் குணத்தையே ஒரு தாளத்தின் வலிமையால் கூட்டிக் குறைக்கலாம் என்று ஆயிற்று.

"இந்த 2.4 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், பெரியப்பா" என்று அவன் காகிதத்தைத் திருப்பினான். 1730-களில் டேனியல் பெர்னூலி என்பவர், ஒரு முனையில் தொங்கும் சங்கிலி எப்படி ஆடும் என்று ஆராய்ந்தபோது ஒரு சார்பு அவர் கையில் அகப்பட்டது. பின்னால் பெசல் என்னும் வானசாஸ்திரி அதை விரிவாக ஆராய்ந்ததால் அவர் பெயர் அதற்கு நிலைத்தது. அந்தச் சார்பு முதன்முதலாகப் பூஜ்யமாகும் இடம் 2.405. தொங்கும் சங்கிலியில் அது மேலே கட்டிய நுனி, அதாவது அசையாத இடம். விறைப்பாக இழுத்துக் கட்டிய வட்டத் தோலில், பறை போன்ற வாத்தியத்தில், அடிப்படை நாதத்தை நிர்ணயிப்பதும் அதே எண். அங்கே அது வளையத்தோடு தோல் சேரும் விளிம்பு, அதுவும் அசையாத இடம். உலுக்கப்பட்ட ஒளியில் அணு தாவாமல் நிற்கும் இடமும் அதுவே. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன், மிருதங்கத்தின் தோலில் நடுவே சாந்து அப்பியிருப்பதால் அதன் மேல்நாதங்கள் இந்த வெறுந்தோல் கணக்கிலிருந்து விலகி இசைக்குப் பொருந்தி வருகின்றன என்று 1920-இலேயே எழுதினார். ராமனின் கட்டுரையைப் பல தடவை பாடம் சொன்னவன் நான். வெறுந்தோலின் எண் அணுவையும் கட்டும் என்று எனக்கு எவரும் சொன்னதில்லை. கையில் அடை ஆறிப்போயிற்று. நான் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்; எண்ணெய்க் கறையோடு இன்றும் என் மேசையில் இருக்கிறது.

அசையாமை வேறு, நிலைப்பு வேறு என்பதை அன்று மாலை ஆர்னோ நதிக்கரையில் நடக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல் அசைவதில்லை, அதில் வியப்பில்லை. உலுக்கப்படும் அணு ஒவ்வொரு கணமும் அசைகிறது. அசைவு ஒவ்வொன்றும் இன்னொன்றால் தீர்க்கப்படுவதால் அது போவதில்லை. நம் தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் ஆயிரம் கைகள் ஒரே தாளத்தில் இழுத்தால் தேர் நகர்கிறது. நகராமல் இருக்கவும் அதே அளவு தாளம் வேண்டியிருக்கும் ஓர் உலகம் உண்டென்று எங்கள் தேரடியில் யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஆர்ச்செத்ரி

பிளாரன்ஸ் நகரத்து ரொட்டியில் உப்பு இல்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று கேட்டு வளர்ந்தவனுக்கு முதல் வாய் ஏமாற்றமே. தக்காளியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயுமாகக் கொதித்த குழம்பில் அதை ஊறவைத்துத் தின்றபோதுதான், உப்பு வேறிடத்திலிருந்து வரும் என்று நம்பிக் காத்திருக்கும் பண்டம் அது என்று தெரிந்தது.

நகரத்துக்குத் தெற்கே, ஆலிவ் தோப்புகளுக்கிடையே ஏறும் குறுகிய சாலையின் மேல் ஆர்ச்செத்ரி. பூமி சுற்றுகிறது என்று சொன்ன குற்றத்துக்காகக் கலீலியோ தம் இறுதிக் காலத்தில் காவலில் வைக்கப்பட்டிருந்த வீடு அங்கே இருக்கிறது. கண்பார்வை இழந்த பிறகும் அங்கேதான் இருந்தார், 1642-இல் அங்கேதான் மறைந்தார். வாசலில் நின்ற எனக்குத் தொண்டை அடைத்தது.

அதே மேட்டில்தான் 1920-களின் நடுவே பல்கலைக்கழகத்தின் பௌதிகக் கூடம் இருந்தது. இளைஞரான என்ரிகோ பெர்மி அங்கே கற்பித்தார். கண்ணாடிக் கோலின் நுனியில் பட்டுநூல் சுருக்கு மாட்டி, புல்லில் குப்புறப் படுத்து மணிக்கணக்காக அசையாமல் இருந்து, தம் நண்பர் ரசேத்தியோடு பல்லி பிடிப்பாராம். பிடித்தவற்றை உணவுக்கூடத்தில் விட்டுப் பணிப்பெண்களை அலறவைப்பார்களாம். அப்படிப் படுத்திருந்த வேளைகளில்தான், ஒரே இனத் துகள்கள் இரண்டு ஒரே நிலையில் இருக்கமாட்டா என்னும் விதியிலிருந்து ஒரு புதிய புள்ளியியல் அவர் மனத்தில் உருவானது என்று அவருடைய மனைவி எழுதியிருக்கிறார். அதற்குச் சிறிது முன்பு, 1924-இல், டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரை, ஒரே நிலையில் எத்தனை துகள்களும் கூடியிருக்கும் மற்றோர் இனத்தின் புள்ளியியலை வகுத்தது. பீசாவில் உலுக்கப்பட்ட ருபீடியம் அணுக்கள் போஸின் இனம். ஒளித் தட்டில் பரவிக் கிடந்தாலும் ஒரே அலையாகவே அவை நடந்துகொள்வதற்கு அந்தக் கட்டுரையில்தான் மூலம்.

செஸ்தோ பியொரெந்தீனோ

பிளாரன்ஸின் வடமேற்குப் புறநகரான செஸ்தோ, 1735 முதல் பீங்கானுக்குப் பேர்பெற்ற ஊர். இப்போது அங்கே வயல்களுக்கு நடுவே பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானக் கட்டடங்களும், நேரிலா நிறமாலையியலுக்கான ஐரோப்பிய ஆய்வுக்கூடமும் இருக்கின்றன. 2008-இல் ஜாகோமோ ரோவாத்தியும் மஸ்ஸிமோ இங்குஷியோவின் குழுவினரும், பொட்டாசியம் அணுக்களின் பரஸ்பர மோதலைக் காந்தப்புலத்தால் அணைத்துவிட்டு, ஒன்றுக்கொன்று பொருந்தாத அலைநீளமுள்ள இரண்டு ஒளித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஆண்டர்சன் சொன்ன சிறையைக் காட்டியது இங்கேதான். அதே வேளையில் பிரான்ஸில் அலென் அஸ்பெயின் சகாக்கள் ஒழுங்கற்ற ஒளிப்புள்ளிகளைக் கொண்டு அதையே காட்டினார்கள். ஒழுங்கின்மையால் அணுவைக் கட்டுவது ஒரு வழி, தாளத்தால் கட்டுவது மற்றொரு வழி. கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் டேவிட் வெல்டின் குழுவினர் இரண்டையும் ஒன்றுசேர்த்து, இப்படிப்பட்ட இரட்டைத் தட்டில் ஒன்றை மட்டும் தாளத்தோடு உலுக்கி, கட்டுண்ட நிலைக்கும் கட்டவிழ்ந்த நிலைக்கும் இடையே ஸ்ட்ரோன்ஷியம் அணுக்களை விரும்பியபடி போகவும் வரவும் செய்திருக்கிறார்கள்.

என் தம்பி மகனுக்குப் பழக்கமான ஆராய்ச்சி மாணவி ஒருவர், தாம் வேலை செய்யும் கூடத்தைக் காட்ட இசைந்தார். நேப்பிள்ஸ் பக்கத்தவர், கண்ணால் சிரிப்பவர். உள்ளே நுழையுமுன் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மேசையைத் தொடாதீர்கள்" என்பதுதான். தம்பி மகன் பயபக்தியோடு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். நானும் அப்படியே செய்தேன். கருவறைக்குள் நிற்பதுபோல் இருந்தது.

இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அளவுள்ள அந்த எஃகு மேசை, காற்றடைத்த கால்களின்மேல் மிதக்கிறது; தெருவில் பஸ் போனால் வரும் அதிர்வும், மாடியில் ஒருவர் நடந்தால் வரும் அதிர்வும் ஏறிவிடக் கூடாது என்பதற்காக. அதன்மேல் எட்டணாக் காசளவுக் கண்ணாடிகள் நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றின் பின்னும் இரண்டு சிறு பித்தளைத் திருகுகள். ஒளி ஒரு கண்ணாடியிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று கோலத்தின் இழைபோல் பின்னிப் பின்னிச் சென்று, அலுமினியத் தாள் சுற்றிய ஓர் உலோக உருண்டைக்குள் புகுகிறது. அதனுள் காற்றே இல்லை. ஒரு திருகை அவர் விரல் நுனியால் தொட்டு, திருப்பினார் என்று சொல்ல முடியாத அளவுக்குத் திருப்பியதும், எதிரே திரையில் ஒரு கோடு குதித்து உயர்ந்தது. கோமோவின் மூதாட்டி, மயிரிழை பிசகும் சட்டத்தைத் தொட்டுக் காட்டிய விரல் எனக்கு ஞாபகம் வந்தது.

"இவ்வளவு பாடுபட்டு எல்லா நடுக்கத்தையும் விலக்கிவிட்டு, கடைசியில் நீங்களே நடுக்கத்தைக் கொடுக்கிறீர்களே" என்று கேட்டேன். அவர் சிறிது யோசித்தார். தெருவிலிருந்து வரும் நடுக்கத்துக்கு ஆயிரம் சுருதி, அதனால் அணு சூடாகித் தப்பிப் போகும். உலுக்கிக் கட்ட வேண்டுமானால் அது ஒரே சுருதியாக இருக்க வேண்டும், அதன் வேகமும் வலிமையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். பிறகு, தம் பாட்டி ஊர்த் திருவிழாவில் தம்மோர்ரா வாசிப்பவர் என்றும், ஆட்டுத்தோல் போர்த்த அந்த வட்ட வாத்தியத்தைக் கற்கும்போது முதலில் மற்றவர்களின் சத்தத்தைக் கேட்காமல் இருக்கத்தான் தமக்குச் சொல்லித்தந்தார் என்றும் சொன்னார். விளிம்பில் சலங்கைத் தகடுகள் உண்டா என்று கேட்டேன், உண்டு என்றார். எங்கள் கஞ்சிராவைப் பற்றி நான் சொன்னேன். சட்டைப்பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த காகிதத்தை எடுத்து 2.405 என்ற எண்ணைக் காட்டியபோது, அவர் இரண்டு விரலால் தம் தொடையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே அதை நெடுநேரம் பார்த்தார்.

அவர் விளக்கை அணைத்தார். குளிரூட்டும் இயந்திரங்களின் முனகலுக்கு நடுவே, உலோக உருண்டையின் சிறு கண்ணாடி ஜன்னல் வழியாகக் குனிந்து பார்க்கச் சொன்னார். உள்ளே, வெற்றிடத்தின் நடுவே, ஒரு செம்புள்ளி: குங்குமப் பொட்டைவிடச் சிறியது, தானே ஒளிர்வது, எதன்மேலும் படாமல் நிற்பது. லித்தியம் அணுக்கள், கோடிக்கணக்கில் என்றார். இன்னும் பல படிகள் குளிர்வித்த பிறகே அவை ஒளித் தட்டுக்குத் தகுதியாகும், அப்போது கண்ணுக்குத் தெரியமாட்டா, இந்த நிலையில்தான் மனிதக் கண்ணுக்குக் காட்சி தருகின்றன என்றார். 32 ஆண்டுகள் நான் கரும்பலகையில் வட்டமிட்டுக் காட்டிய அணு அது. என் கண் நிறைந்து புள்ளி கலங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

அவர் ஒரு சிறு அட்டையை ஒளிக்கதிரின் குறுக்கே நீட்டினார், செம்புள்ளி அணைந்தது. அட்டையை எடுத்தார், முதலில் ஒன்றும் இல்லை, பிறகு இருக்கிறதா என்று ஐயுறும் ஒரு சிவப்பு, பிறகு மெல்ல மெல்லப் பழைய பொட்டு. "இன்னும் ஒரு முறை" என்று கேட்டேன். அவர் மறுபடியும் அட்டையை நீட்டினார்.